ஜன்னல் வழியாக வந்த இறால்

1. வாளி

"டிப்ளோமாவா? சரி, அந்த வாளிய எடு."

சேகர் அண்ணன் கடையில் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். கடை ஜொகூர் பாருவில் இருக்கிறது. அலங்கார மீன் விற்போம். வீடு வீடாகப் போய் தொட்டி அமைத்துப் பராமரிப்பும் செய்வோம். நான் சாஆ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். படித்தது நீர்வாழ் உயிரின வளர்ப்பு.

முதல் நாள் மாலை அப்பா போன் செய்தார்.

"என்னடா வேல குடுத்தாங்க?"

"மீன் தொட்டி கழுவுறதுப்பா."

"நீ சின்னப் புள்ளைல போத்தல்ல கப்பி மீன் வளத்தப்ப யாரு டிப்ளோமா கேட்டா?"

மறுநாளும் வாளியை எடுத்தேன்.

2. செடியா, வெறுந்தொட்டியா

டிஸ்கஸ் என்பது தோசைக்கல்லைப் போல வட்டமாக, தட்டையாக இருக்கும் மீன். நிறம் கண்ணைப் பறிக்கும். மனசு மட்டும் ரொம்ப மெல்லியது. தண்ணீர் கெட்டால் கறுக்கும், பயந்தால் கறுக்கும், பசித்தால் கறுக்கும். கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கிவிட்டால் நமக்குத் தூக்கம் போச்சு.

சேகர் அண்ணன் டிஸ்கஸ் மீனை வெறுந்தொட்டியில்தான் வைப்பார். மணல் கிடையாது, செடி கிடையாது. "கீழ விழுந்த சாப்பாட்ட உடனே உறிஞ்சி எடுக்கலாம்லா. செடி வச்சா அது எங்க போய் ஒளியும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அவர் சொல்வது உண்மைதான். இன்னொரு சிக்கலும் உண்டு. டிஸ்கஸுக்குத் தண்ணீர் முப்பது டிகிரி சூடாவது வேண்டும். அந்தச் சூட்டில் பல செடிகள் வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். ஆனால் எல்லாச் செடியும் அப்படி இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் ஸ்வார்ட் எல்லாம் தாங்கும். இதை நான் கடையில் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாத்தப்பன் சார் வந்த அன்றும் சொன்னேன்.

சாத்தப்பன் சார் வழக்கறிஞர், செட்டிநாட்டுக் குடும்பம். சிங்கப்பூரில் நண்பர் வீட்டில் டிஸ்கஸ் பார்த்துவிட்டு ஆசையோடு வந்திருந்தார். "காடு மாதிரி செடி வேணும், நடுவுல இந்த மீன் போகணும்" என்றார்.

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீதானே முடியும் முடியும்னு சொன்ன? நீயே செய். மீன் ஒடம்பு எளைச்சுதுன்னா செடியெல்லாம் புடுங்கிட்டு மீன கடைக்குக் கொண்டாந்துருவேன். அப்புறம் ஒனக்கு வாளிதான்."

அதுதான் நான் தனியாக அமைத்த முதல் தொட்டி. மரக்கட்டையில் ஃபெர்னைக் கட்டி, பின்பக்கம் ஸ்வார்ட் நட்டு, முன்னால் மணல் திட்டு விட்டேன். சார் வீட்டு ஹாலில், சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் தொட்டி உட்கார்ந்தது. ஆறு மீன்கள். ஊரே அதைப் பார்க்க வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

3. மாட்டு நெஞ்சு

பண்ணைகளில் டிஸ்கஸ் குஞ்சுகளை வேகமாக வளர்க்க மாட்டு இருதயத்தை அரைத்துக் கொடுப்பார்கள். தொழிலில் இது சாதாரணம். எங்கள் ஆறு மீன்களும் அதைத் தின்றுதான் வளர்ந்தவை. பண்ணைக்காரர் மீனோடு ஒரு உறைந்த பொட்டலத்தையும் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு சாத்தப்பன் சார் வீட்டு கேட் வரை போய்விட்டேன். சாமி அறையில் மணிச் சத்தம் கேட்டது.

சாரை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் பொட்டலத்தைப் பார்த்தார், அப்புறம் வீட்டைப் பார்த்தார்.

"தம்பி, இது உள்ள போச்சுன்னா ஆச்சி மீனோட சேத்து நம்ம ரெண்டு பேரையும் வெளிய போட்டுருவா."

ஆச்சி என்றது அவர் மனைவி விசாலாட்சியை. பாட்டி இல்லை, நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். நாற்பது வயசுக்காரர். சிங்கப்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பவர்.

பொட்டலம் கடைக்குத் திரும்பியது. இறாலையும் வெள்ளை மீனையும் பூண்டோடு அரைத்து புதுக் கலவை செய்தேன். மீன்கள் முதலில் வாயில் வாங்கித் துப்பின. பிறகு ஒன்று விழுங்கியது. அதைப் பார்த்து மற்றவை விழுங்கின. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் புரட்டாசி பிறந்தது.

4. ஒரே சட்டம்

புரட்டாசியில் எங்கள் ஆட்கள் பலர் அசைவம் தொடமாட்டார்கள் என்பது தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அது மீனுக்கும் பொருந்தும் என்று யார் நினைத்தார்கள்?

அந்த வாரம் சார் வீட்டுக்குப் போனபோது பிரீசரில் இறால் கலவை இல்லை.

"தூக்கிப் போட்டுட்டேன் தம்பி," என்றார் ஆச்சி. "இந்த மாசம் கவுச்சி எதுவும் வாசப்படி தாண்டாது."

"ஆச்சி, மீனே கவுச்சிதானே?"

"அது உயிரோட இருக்கு. உயிரோட இருக்கறவங்க எல்லாருக்கும் இந்த வீட்ல ஒரே சட்டம். இவருக்கே ஒரு மாசம் கோழி இல்ல. மீனுக்கு என்ன தனியா?"

சார் பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

பாக்கெட் தீனி வாங்கி வந்தேன். கணக்குப் பார்க்கிறவர் அல்லவா, ஆச்சி அட்டையைத் திருப்பி பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். "மீன் தூள்னு போட்டுருக்கே." பச்சைப் பாசித் தீனி வாங்கி வந்தேன். அதிலும் மீன் தூள். கடைசியில் பட்டாணியை வேகவைத்து மசித்துப் போட்டேன். மீன்கள் உறிஞ்சின, துப்பின. துப்பியதெல்லாம் ஸ்வார்ட் வேரில் போய்ச் சிக்கியது. செடி இலையில் பாசி ஏற ஆரம்பித்தது. மீனுக்கு இரங்கி ஆச்சியும் நவராத்திரிச் சுண்டலை நசுக்கிப் போட்டிருக்கிறார். அதையும் நான்தான் உறிஞ்சி எடுத்தேன்.

மீன்களின் நெற்றி ஒடுங்கியது. சிவப்பு மீன் ஒன்று கரி மாதிரி ஆகி மரக்கட்டைக்குப் பின்னால் நின்றது. படம் எடுத்து சேகர் அண்ணனுக்கு அனுப்பினேன்.

"அலமாக்! சனிக்கெழம லோரிய எடுத்துக்கிட்டு வரேன்," என்று பதில் வந்தது. "செடிய நீயே புடுங்கி வச்சுரு."

5. பைப்

வெள்ளிக்கிழமை மாலை தண்ணீர் மாற்றப் போனேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் கார் நிறுத்துமிடத்தில் டிரம்மில் பிடித்து வைத்து, அங்கிருந்து ஒரு நீள பைப்பை ஜன்னல் கம்பி வழியாக விட்டு தொட்டியை நிரப்புவது வழக்கம். அன்று பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி வந்து கறுத்துப்போன மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துருமா தம்பி?"

"சாப்பிடலன்னா செத்துரும் ஆச்சி. நாளைக்கு கடைக்குக் கொண்டு போயிருவோம். அங்க சாப்பிடும்."

"அங்க போயி மாட்டு நெஞ்சு சாப்பிடுமா?"

நான் சோபாவில் இருந்த சாரைப் பார்த்தேன். சார் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றார் ஆச்சி. "இவரு தூக்கத்துல பேசுவாரு."

பைப்பிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி அந்தப் பைப்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்? வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஆமாங்க ஆச்சி."

"ஜன்னலப் பத்தி நான் ஒன்னும் சொல்லலையே."

சொல்லிவிட்டு சாமி அறைக்குள் போய்விட்டார்.

நான் ஹார்ட்வேர் கடைக்கு ஓடினேன். கண்ணாடி மாதிரி தெரியும் பைப், மேலே வைக்க ஒரு புனல். வெளியே செருப்பு அலமாரிக்கு மேல் ஐஸ் பெட்டியில், கடையிலிருந்து கொண்டுவந்த இறால் கலவை. முதல் தடவை கலவை கட்டியாகி பைப்பில் அடைத்துக்கொண்டது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய் வைத்து ஊதினார். அவ்வளவும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் பாய்ந்தது. மீன்கள் நாலு பக்கமும் சிதறின. உள்ளேயிருந்து ஆச்சியின் குரல்: "நான் எதையும் பாக்கல!"

தண்ணீர் சேர்த்து இளக்கினேன். மெதுவாக ஊற்றினேன். பைப்பின் வாய் முன்பக்க மணல் திட்டுக்கு நேர் மேலே இருந்தது. துணுக்குகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. செடிப்பக்கம் ஒன்றும் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்தக் கறுத்த மீன் மரக்கட்டையைச் சுற்றி வந்தது. மணலை ஒரு தடவை ஊதியது. ஒரு துணுக்கை எடுத்தது. துப்பவில்லை.

மறுநாள் லோரியோடு வந்த சேகர் அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆறும் பைப்புக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்றன.

"சாப்பாடு ஒரே எடத்துல விழுது," என்றார். பிறகு ரொம்ப நேரம் செடிகளைப் பார்த்தார். "உறிஞ்சி எடுக்கவும் சுலபம்." அவ்வளவுதான் சொன்னார். லோரி காலியாகத் திரும்பியது.

மீதிப் புரட்டாசி முழுக்க காலையில் சாரும் மாலையில் நானும் ஜன்னலுக்கு வெளியே நின்று ஊட்டினோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சாரிடம், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாரா என்று கேட்டாராம். நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மாதம் முடிந்த அன்று இறாலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மறுபடியும் வாசல் வழியாகப் போய் தொட்டியின் முன்னால் நின்றேன். ஆறும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுங்களுக்கு இன்னும் புரட்டாசி முடியல போல," என்றார் ஆச்சி.

6. இப்போது

பைப் யோசனை இன்று எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. செடித் தொட்டியில் டிஸ்கஸ் கேட்டால் மணல் திட்டு, அதற்கு மேல் தீனிக் குழாய். சேகர் அண்ணனே வாடிக்கையாளரிடம் அதை விளக்குகிறார். அவர் கண்டுபிடித்த மாதிரியேதான் விளக்குகிறார்.

வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரை டெஸ்ட் செய்வதற்கு முன்னால் வீட்டாரிடம் பேசுங்கள். அந்த வீட்டில் எந்தக் கிழமை, எந்த மாசம், எது உள்ளே வரக் கூடாது என்று கேளுங்கள். மீன் நம் புத்தகத்தில் இருக்கிற ஆற்றில் வாழப்போவதில்லை. அந்த வீட்டில்தான் வாழப்போகிறது.

நான் இப்போது முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கூலாயில் ஒரு அக்கா மட்டும் என் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க மீன் தொட்டி வைக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார்.

"ரெண்டுக்கும் இதே கேள்விதான் அக்கா," என்றேன்.