எழுபத்தாறில் பதில் இல்லை

என் மனைவியின் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போனது. காரணம் காளான். வடகரப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் அவள் அதை வளர்க்கிறாள். மார்கழி பிறந்தால் கிழக்குக் காற்று சுவரில் தொங்கும் ஈரச் சாக்குகளை இரண்டு மணி நேரத்தில் காய வைத்துவிடும். சாக்கு காய்ந்தால் மொட்டு கருகும்.

"நான் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டா சாக்குக்கு ஆருங்க தண்ணி ஊத்தறது?" என்று கேட்டே இரண்டு தேதிகளையும் தட்டிக்கழித்தாள். மூன்றாவது தேதியைக் குறித்துக் கொடுத்த கோயம்புத்தூர் மருத்துவர், இதற்கு மேல் தாமதித்தால் ஆபத்து என்றார்.

நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணினிப் பலகைகளில் நேரம் போக்குகிறவன். காற்றின் ஈரத்தை அளக்க ஒரு சென்சார் வாங்கினேன். ஈரம் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பலகை மோட்டாரைப் போட்டு நீர்ப்புகை தெளிக்க வேண்டும். ஏறினால் நிறுத்த வேண்டும்.

"ஓடறதக் கண்ணுல காட்டுங்க, வர்றேன்" என்றாள்.

கிளம்பவேண்டிய நாளில் பேருந்து இரண்டேகாலுக்கு. பன்னிரண்டு மணிக்கு மடிக்கணினியின் திரையில் 'சென்சார் இல்லை' என்ற வரிதான் வந்துகொண்டிருந்தது. கம்பியைக் கழற்றி மாட்டினேன். பலகையை மாற்றினேன். விற்ற கடைக்காரரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். அவள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பெட்டியைக் கட்டினாள், திறந்து எதையோ எடுத்து வெளியே வைத்தாள். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று திரையைப் பார்த்தாள்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை ஒன்றேகாலுக்குத்தான் செய்தேன். ஒரே இரட்டைக் கம்பியில் பல சென்சார்கள் தொங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி உண்டு, அந்த எண்ணில் கூப்பிட்டால்தான் பதில் சொல்லும். என் நிரலில் எழுபத்தாறு என்று எழுதியிருந்தேன். சென்சாரோடு வந்த தாளில் அப்படித்தான் இருந்தது. இப்போது எல்லா எண்களையும் வரிசையாகக் கூப்பிடும் சிறு நிரலை ஓட்டினேன். ஒரே ஒரு பதில் வந்தது: எழுபத்தேழு.

சென்சாரைத் திருப்பிப் பார்த்தேன். கம்பிகளை இணைக்க அதற்கு ஆறு கால்கள். நான்கு போதும், மற்ற இரண்டையும் அப்படியே விடத் தாளில் சொல்லியிருந்தது. அந்த இரண்டும் மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியோடு அழகாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. என் கை நடுங்கும் என்பதால் அதைப் பற்றவைத்தவர் மனைவியின் அண்ணன். பம்புசெட் மோட்டார்களுக்குச் சுருள் சுற்றுகிறவர். அன்று கடையைச் சாத்திவிட்டு எங்களை வழியனுப்ப வந்திருந்தார்.

"மச்சான், இந்த ரெண்டு காலையும் நீங்களா சேத்தீங்க?"

"பின்னே? ஒயருத் தும்பச் சும்மா தொங்க உடலாங்களா மாப்ளே? ஈரத்துல வேலை செய்யறவன் நானு. தொங்கற ஒயரு ஒருநா ஆளத் தூக்கீரும்."

அதில் ஒரு கால்தான் முகவரியைத் தீர்மானிப்பது. மின்சாரத்தோடு சேர்த்ததும் எண் ஒன்று கூடிவிட்டது. இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"கூப்புடத் தெரியாம கூப்புட்டுட்டு, கடைக்காரன வெய்யறீங்க!"

உண்மை. அத்தனை ஆண்டுகள் செய்தி சேகரித்தவன், வேலையைச் செய்தவரிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்ணைத் திருத்தினேன். திரையில் அறுபத்தெட்டு என்று வந்தது. கொட்டகை ஏற்கெனவே காயத் தொடங்கியிருந்தது. மோட்டார் உறுமியது. புகை போல நீர் இறங்கியது. அவள் உள்ளங்கையை நீட்டி ஈரத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்தாள்.

பேருந்து வேலந்தாவளத்தில் நின்றபோது சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, மோட்டாரு ஓடுச்சு. நின்னுச்சா?"

நாங்கள் பார்க்கவில்லை. மோட்டார் நிற்காவிட்டால் காளான் அழுகும். "எறங்கீரலாங்க" என்று அவள் எழுந்தே விட்டாள். நடத்துனர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் விட்டுவந்த மச்சானைக் கைபேசியில் கூப்பிட்டேன். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்து, கொட்டகைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு வெறும் காற்று. நடத்துனர் ஏறி விசில் ஊதினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னிருக்குதுங்க மாப்ளே. கம்ப்யூட்டர்ல எண்பத்தி மூணு காட்டுது."

கைபேசியை அவளிடம் நீட்டினேன். அவள் காதில் வைத்துக்கொண்டு, "சும்மா சொல்லாதண்ணா. எங்கிட்டச் சத்தியமாச் சொல்லு" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. அவள் உட்கார்ந்தாள்.