தூண்டில் மாட்டிய கிளை

நுவரெலியாவில் கூடாரம் அடித்துத் தங்கி ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. சின்ன மகளையும் கூட்டிப்போவதால், முதலில் பழகிப்பார்க்கலாம் என்று மடுல்கெல்ல பக்கம் ஓர் ஓடைக்கரைக்குப் போனோம். அட்டைக்கு உப்பு, பாறையில் வழுக்காத சப்பாத்து என்று எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன்.

நிழலுக்காக ஒரு மரத்தடியில் கூடாரம் போட்டோம். மகள் உள்ளே படுத்திருந்தாள். இவர் தூண்டிலை ஓங்கி வீச, முள் பின்னாலிருந்த கிளையில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். கிளை வளைந்து இலைகள் விலகியபோதுதான் பார்த்தேன். கூடாரத்துக்கு நேர் மேலே, பானை அளவில் குளவிக்கூடு!

"ஐயோ, இழுக்காதீங்க... குளவி" என்றேன் தணிந்த குரலில்.

தேயிலைத் தோட்டங்களில் குளவி கொட்டி ஆட்கள் செத்த செய்தி எத்தனை கேட்டிருக்கிறோம்! நூலை விட்டால் கிளை துள்ளும். இவர் தூண்டில் தடியைப் பிடித்தபடியே மரத்தை நோக்கி அடி அடியாக வந்தார். கிளை மெல்ல நிமிர்ந்தது. ஒன்றிரண்டு குளவிகள் வெளியே வந்து சுற்றின.

கூடாரத்தின் ஸிப் திறந்தது. "அம்மா, மீன் மாட்டிருச்சா?"

குனிந்துபோய் அவள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடத்தான் கால் துடித்தது, ஓடவில்லை. இவரும் தடியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

கூடாரமும் தூண்டிலும் இன்னும் அங்கேதான். காலடிக்கெல்லாம் ஆயத்தமாகப் போன நாங்கள் தலைக்கு மேலே பார்க்கவில்லை.

அடுத்த மாதம் நுவரெலியா போகிறோம். இந்த முறை நான் அண்ணாந்து பார்த்துச் சரி சொல்லும்வரை மகள் வேனை விட்டு இறங்கமாட்டாள். அவள் அப்பாவும்தான்.