கல்லுச் சாடியில் ஒரு கீறல்

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தது நானும் என்னோடு வேலை செய்யும் எகிப்துக்காரனும்தான். அருங்காட்சியகத்துக்கு வந்திறங்கும் பழம்பொருட்களைப் பிரித்து மேசையில் வைப்பது எங்கள் வேலை. உள்ளே ஒரு சாண் உயரத்தில் வாசனைத் தைலச் சாடி. பால்நிறக் கல், கையுறைக்குள்ளாலும் குளிர்ந்தது.

"பார், எங்கள் ஊர்க் கல்," என்றான்.

பெட்டியில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். "கிரேக்கக் கல்லறையில் எடுத்ததாம்."

"கல்லறை அவர்களுடையது. கல் எங்களுடையது."

சிரித்தபடி அவன் அடுத்த பெட்டிக்குப் போனான். நான் சாடியைச் சரித்தேன். அடியில் மயிரிழை போல ஒரு கீறல். பெட்டியைத் தூக்கும்போது என் பக்கம் ஒருமுறை கதவில் இடித்தது நினைவுக்கு வந்தது. என் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது; நான் உடைத்தேன் என்றால் புதுப்பிக்க மாட்டார்கள். வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க, எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருக்களில் மேலும் கீழும் நடந்தேன். கறிவேப்பிலை வாங்கப் போய் வெறுங்கையோடு வந்து நின்றேன்.

"விடியத் தொடக்கம் அந்தரப்பட்டுத் திரியிறியள். வேலையிலை ஏதும் பிரச்சினையோ?" என்றாள் மனைவி.

"ஒண்டுமில்லை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றை அளைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள்தான் உடைச்சதெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப போய்க் கேளுங்கோவன்."

திங்கள் காலை, பழம்பொருட்களைச் செப்பனிடும் பெண்மணியிடம் போய்ச் சொன்னேன். அவர் சாடியை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். பிறகு, பயணத்துக்கு முன் பொருளின் நிலையை எழுதிய தாளை எடுத்து, அதிலிருந்த படத்தைக் காட்டினார். அதே கீறல்.

"இது மிகப் பழையது," என்றார். சாடியின் வாய்க்குள் ஒளியைப் பாய்ச்சினார். "துளைத்த தடம் தெரிகிறதா? எகிப்தியக் கைவேலை. கழுத்தும் விளிம்பும் கிரேக்கருக்குப் பிடித்த மாதிரி. கிரேக்க வியாபாரிகள் எகிப்திலேயே குடியிருந்தார்கள். வாங்குகிற அவர்களுக்கு ஏற்ற மாதிரி எகிப்தியர் செய்திருப்பார்கள்."

நன்றி சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

வெளியே எகிப்துக்காரனிடமும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நான் பக்கத்திலேதானே நின்றேன். என்னிடம்கூடச் சொல்லவில்லையே," என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான்; முகம் தெளியவில்லை. அடுத்த பெட்டி வாசலில் காத்துக் கிடந்தது. அவன் ஒரு முனையைப் பிடித்தான். கையைத் துடைத்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தேன்.