கடமை நிமித்தம் எடுக்கப்பட்ட தாடி

ஜெர்மனியில் என்னைத் தீயணைப்புப் படையில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என் வீரம் அல்ல. காலை பத்து மணிக்கு நான் ஊரில் இருப்பேன் என்பதுதான்.

டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் மலைப்பக்கம் ஏறினால் வரும் சின்ன ஊர் அது. சம்பளத்துக்குப் படை வைக்குமளவு பெரிதல்ல. ஊர்க்காரர்களே தீயணைப்பவர்கள். சைரன் ஊதினால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஆனால் விடிந்தால் ஆண்களில் பாதிப் பேர் பிராங்பேர்ட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுவது ஓய்வூதியக்காரர்கள், மாடுகள், மர ஆலையில் வேலை செய்யும் நாங்கள். ஆலை முதலாளிதான் படைக்கும் தலைவர். ஒருநாள் பலகை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, பகலில் எங்கேயும் போவாயா என்று கேட்டார். போவதற்கு எனக்கு இடமில்லை என்றேன். அடுத்த கிழமை எனக்கு ஒரு தலைக்கவசம் வந்தது.

சைரன் கேட்டால் பதுங்கு குழிக்குள் பாய்ந்து பழகிய கால்கள் என்னுடையவை. அதே சத்தத்துக்கு வண்டியை நோக்கி ஓடச் சொன்னபோது, முதல் ஒரு மாதம் அவை என் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு கேட்டன. குழாய் விரிக்கப் பழகினேன், பம்ப் இயக்கப் பழகினேன். புகைக்குள் போகும் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது மட்டும் முதலாளி என் தாடியைப் பார்த்துத் தலையாட்டினார். மூச்சு முகமூடியின் ரப்பர் விளிம்பு வெறும் தோலில் ஒட்ட வேண்டும். நடுவில் மயிர் இருந்தால் புகை உள்ளே வரும். மீசை பரவாயில்லை, தாடி கூடாது.

தாடியை எடுக்க என்னால் முடியாது. அது எங்கள் ஊர்ப்பக்கத்து மடுக் கோயில் மாதாவுக்கு வைத்த நேர்த்தி. அதற்கு முந்திய வருடம் திருச்சியில் கலியாணம் கட்டி, பதினாறு நாள் ஒன்றாக இருந்து, அவள் கொழும்புக்கும் நான் இங்கேயுமாகப் பிரிந்தோம். அவளுக்கு விசா கிடைத்து என்னிடம் வந்து சேரும்வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று விமானத்தில் இருந்தபடி நேர்ந்துகொண்டேன். மன்னார்க்காரன் மாதாவிடம் சொன்ன சொல்லை மாற்ற மாட்டான். முதலாளி கத்தோலிக்கர். விளங்கிக்கொண்டார். உனக்குப் பம்ப் இருக்கிறது என்றார்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, ஒரு பண்ணையில் கன்றுக் கொட்டில் புகைந்தது. ஐந்து பேர் போய்ச் சேர்ந்தோம். அதில் முகமூடி போடக்கூடியவர்கள் மூவர். இருவர் உள்ளே போனால், அவர்களை இழுத்துவர இன்னும் இருவர் முகமூடியோடு வெளியே ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பது விதி. உள்ளே மனிதர் என்றால் விதியை வளைக்கலாம். கன்றுக்கு வளைக்க மாட்டார்கள். நாலாவது ஆளுக்காகப் பக்கத்து ஊர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தேன். உள்ளே கன்றுகள் கத்தின. கொஞ்ச நேரத்தில் கத்தவில்லை.

பண்ணைக்கார அம்மா நேராக என்னிடம் வந்து, நீ ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். மாதா, நேர்த்தி, விசா எல்லாவற்றையும் சொல்ல என்னிடம் அவ்வளவு ஜெர்மன் இருக்கவில்லை. தாடியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். திரும்பிக் கொட்டில் பக்கம் போனார். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

ஆறு கன்றுகள். சனிக்கிழமை காலை சவரம் செய்தேன். திங்கட்கிழமை முதலாளி என் முகத்தைப் பார்த்தார். காரணம் கேட்காமல் பயிற்சிப் பட்டியலில் என் பெயரை எழுதினார்.

மனைவிக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் தாடி தெரியாது என்பது வசதியாக இருந்தது. எவ்வளவு வளர்ந்திட்டுது என்று அவள் கேட்பாள். நெஞ்சுவரை என்பேன்.

அப்போதுதான் விசா விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் கடிதம் வந்தது. கலியாணம் உண்மையா பொய்யா என்று பார்க்க, ஒரே நாளில் அவளைக் கொழும்பிலும் என்னை இங்கேயும் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். கலியாணத்துக்கு மறுநாள் காலை என்ன சாப்பிட்டோம் என்பதுவரை கேட்டார்கள். இரண்டு பேரும் இடியப்பம் என்றிருக்கிறோம். இரண்டு கிழமைக்குப் பிறகு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். கணவரின் தோற்றம் எப்படி என்ற கேள்விக்கு அவள், நெஞ்சுவரை தாடி, நான் போய்ச் சேரும்வரை எடுக்கமாட்டார் என்று சொல்லியிருந்தாள். கலியாணப் படத்தில் தாடி இல்லை, என் முகத்தில் தாடி இல்லை, அவளுடைய பதிலில் மட்டும் தாடி இருந்தது.

“உங்கள் மனைவிக்குத் தன் கணவரின் முகம் தெரியவில்லை” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார்.

நேர்த்தியைச் சொன்னேன். எழுதினார். அப்படியானால் ஏன் எடுத்தீர்கள் என்றார். கன்றுகள் என்றேன். பேனாவை வைத்துவிட்டு, இதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

முதலாளி அன்றே தட்டச்சு செய்தார். மேற்படி நபரின் தாடி கடமை நிமித்தம் அகற்றப்பட்டது என்று ஒரே வசனம். கீழே படையின் முத்திரை. கூடவே முகமூடி விதியின் பிரதி, அதில் மயிர் என்ற சொல்லுக்கு அடிக்கோடு. அம்மையார் இரண்டு துளை போட்டுக் கோப்பில் வைத்தார். துளை போட்ட கடிதத்தை இந்த நாட்டில் யாரும் சந்தேகிப்பதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. மனைவியை இனிக் காணமாட்டேன் என்றே நினைத்தேன்.

அன்று பின்னேரம் அவளுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண்டுக்குட்டியள் எத்தினை?” என்றாள்.

“ஆறு.”

“இனி எனக்கு ஒண்டும் ஒளிக்காதேங்கோ.”

நாலு மாதத்தில் விசா வந்தது. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு முதலாளி தன் காரில் கூட்டிப்போனார். அவளுடைய விமானத்தில் வந்த எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக, மொட்டை போட்டு ஒரு விரல் அளவுக்கு மயிர் முளைத்த ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்னப்பா, ஆரைப் பாக்கிறியள்?”

இடுப்புவரை பின்னல் இருந்தவள். பாஸ்போர்ட்டில் உள்ள படம் அவள்தானா என்று உள்ளே முக்கால் மணித்தியாலம் மறித்து வைத்திருக்கிறார்கள். அப்போது சண்டை ஓய்ந்து மடுவுக்குப் பாதை திறந்திருந்த காலம். நான் தொலைபேசியில் சொன்ன அடுத்த கிழமையே பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

“உங்கட நேர்த்தியை நான் முடிச்சிட்டன். நீங்கள் நெருப்புக்குள்ள போற ஆள், தாடி வளக்க ஏலாது. என்ர தலைமயிர் ஆருக்கு இடைஞ்சல்?”

முதலாளி பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். அந்த அம்மையார் ஆளை மாற்றிச் சொல்லியிருந்தார். முகம் தெரியாதவன் நான்.