இடது கைக்கு ஒரு செயலி

என் கணவருக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன பிறகு எங்கள் வீட்டில் மருந்தைப் பற்றிப் பேசியதைவிடத் தபலாவைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். பேச்சும் நடையும் சில வாரங்களில் திரும்பிவிட்டன. இடது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தோசையைப் பிய்க்க வலது கை போதும், சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுவேன். தபலாவுக்கு அப்படி முடியாது. வலது கைக்குச் சின்ன மரத் தபலா, இடது கைக்கு உருண்டையான டக்கா. 'கும்' என்று அடியில் பேசுவது டக்காதான். அது இல்லாமல் வாசித்தால் யாரோ கதவைத் தட்டுவது போலத்தான் இருக்கும்.

அவர் ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கள்ளிக்குப்பத்துக்கு வந்ததிலிருந்து, கொரட்டூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைகளுக்கு அவர்தான் தபலா. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய், அதுதான் அவர் இடம். கை விழுந்த பிறகு என்னோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பாட்டு நடக்கும்போது புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். கொஞ்ச நாளில் கோயிலுக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுப்ப முடியாது.

பெங்களூரில் இருக்கும் மகள்தான் போனில் சொன்னாள். "அம்மா, லூப் ஆப்னு இருக்கும்மா. ஒருவாட்டி வாசிச்சதைத் திரும்பத் திரும்ப அதுவே வாசிச்சுக்கினு இருக்கும்." அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதலில் வலது கையாலேயே டக்காவை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது அதே வலது கை தபலாவுக்கு மாறிக்கொள்ளும். அவரிடம் சொன்னேன். "ஒரு கையால ரெண்டு கை வேலையா?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செயலி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நல்லதைப் பார்த்து மயங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மகள் கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த டேப்லெட் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் முதலில் இறக்கிய செயலி பார்க்க அழகாக இருந்தது. ஹாலில் பாயை விரித்து அவரை உட்கார வைத்து, நான் சபையாகப் பாடினேன். இங்கே எங்கள் சபையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு வேகத்தில் ஆரம்பித்து வேறு வேகத்தில் முடிப்போம். ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியையும் விட மனசில்லாமல் இழுப்போம். இழுப்பதில் பின்வரிசைப் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது, நானும் பின்வரிசைதான். ஆகவே நேர்மையாக இழுத்தேன். டேப்லெட் இழுக்கவில்லை.

"இன்னாமே இது, அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது! நீ எங்கியோ கீறே, அது எங்கியோ கீது!" என்று கையை எடுத்துவிட்டார்.

இரண்டாவது செயலியில் வேகத்தைக் குறைக்க முடிந்தது. ஆனால் குறைக்கக் குறைக்கக் குரலும் இறங்கியது. டக்காவுக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதையும் தூக்கினேன். அடுத்தது சரியாக வந்தது, ஆனாலும் அடி ஒவ்வொன்றும் கால் வினாடி பிந்தி விழுந்தது. செயலியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தெரிந்தது, குற்றம் புளூடூத் ஸ்பீக்கருடையது. வயர் போட்டதும் சரியாகிவிட்டது.

அந்த மூன்றாவதில் வேகத்துக்கு ஒரு நீளமான பட்டை இருந்தது. தள்ளினால் வேகம் குறையும், குரல் மாறாது. யார் தள்ளுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இடது கையை முழங்கையோடு தூக்கித் திரையின் மேல் வைத்து, மடங்கிய விரல் முட்டியால் பட்டையைத் தள்ளினார். விரல்தான் அசையாதே தவிர கை மொத்தமாக நகரும். நான் கடைசி வரியை இழுத்தேன். அவர் தள்ளினார். டக்கா என்னோடு சேர்ந்து மெதுவாக வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் பாயில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் ஆட்டோவில் வாய் ஓயவில்லை. போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்ததில் இருந்து கீபோர்டில் ஒரு கட்டை சரியில்லாதது வரைக்கும் விமரிசனம். எனக்குப் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று நிம்மதி.

அந்தச் செயலியில் பதிவுகளைச் சேமித்து வைக்கலாம். பாட்டு நம்பர் போட்டு ஒவ்வொன்றாகச் சேமித்தோம். பாடகர் குழுவை நடத்துபவர் கீபோர்டு வாசிக்கும் இளைஞர், ஐ.டி. கம்பெனிக்காரர், தங்கமான பிள்ளை. "ப்ராக்டிஸுக்கு ஆவும் அங்கிள், தபலாவையும் சேர்த்தே போட்டு வெச்சிடுங்க" என்றார். இவரும் உற்சாகமாக டக்காவுக்கு மேல் தபலாவையும் வாசித்து நிரப்பினார்.

ஒரு ஞாயிறு இவருக்குக் காய்ச்சல். குழுவுக்குத் தேவைப்படும் என்று டேப்லெட்டை நான் எடுத்துப் போனேன். பாய் காலி. டேப்லெட்டைக் கீபோர்டின் மேல் வைத்து, அந்தப் பிள்ளையே பட்டையைத் தள்ளிக்கொண்டு எல்லாப் பாட்டையும் நடத்திவிட்டார். ஒரு பிசகும் இல்லை. முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"ஆன்ட்டி, அங்கிள் வாசிச்சதெல்லாம் இதுலயே கீது. இனிமே அவரு எதுக்குப் படியேறி கஷ்டப்படணும்? இத்த இங்கியே வெச்சிட்டுப் போங்க. அங்கிள் ஊட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார். கேட்டுச் சொல்கிறேன் என்று டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இவரிடம் மறைக்காமல் சொன்னேன். "குட்த்துடு. சபைக்குத்தானே. நல்லதுதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் கோபம், டேப்லெட்டின் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, நானே தேடிப் பிடித்துக் கொண்டுவந்த சாமான் இவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டதே என்ற கோபம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் தேட ஆரம்பித்தேன். இந்தத் தடவை எந்தச் செயலிக்கும் யாரும் சொன்ன நல்ல வார்த்தையைப் படிக்கவில்லை. ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தவர்களை மட்டும் படித்தேன். மாலையில் மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கிடைத்தது. வேகத்துக்கு நீளப் பட்டை உண்டு, குரலும் மாறாது, ஆனால் சேமிக்கும் வசதி மட்டும் கிடையாது. மூடினால் வாசித்ததெல்லாம் போய்விடுகிறது, இதை எதற்காகச் செய்தார்கள் என்று ஆளுக்கு ஆள் சாபம் விட்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அதை இறக்கிவிட்டு, பழைய செயலியைப் பதிவுகளோடு அழித்தேன். இதிலும் சேமிக்க ஏதாவது குறுக்கு வழி இருக்கலாம். அதை நான் யாருக்கும் தேடிக் கொடுக்கப் போவதில்லை.

சனிக்கிழமை அவரை இழுத்துப் பாயில் உட்கார வைத்தேன். ஒரு பாட்டு வாசித்தார். மூடித் திறந்தார். திரையை முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, மூடினா எல்லாம் பூடுது?"

"ஆமா, பூடும். ஒவ்வொரு பாட்டுக்கும் நீங்கதான் புதுசா வாசிச்சுக் குடுக்கணும்."

"இத்த போயி யார் செலக்ட் பண்ணது?"

"நான்தான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாளைக்கு வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டார்.

இப்போதெல்லாம் ஐயர் பாட்டு நம்பரைச் சொன்னதும் பாட்டு ஆரம்பிப்பதில்லை. கீபோர்டுக்காரர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு பாயைப் பார்க்கிறார். சபை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. இவர் அவசரமே இல்லாமல் வலது கையால் டக்காவை ஒரு சுற்று வாசித்து, அது தானாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, கையைத் தபலாவுக்கு மாற்றிக்கொள்கிறார். இவர் தலையை அசைக்கும்வரை எங்கள் சபையில் யாரும் வாயைத் திறப்பதில்லை.