குழாயடியில் பிடிபட்ட சளி

1. கதவு வேலை

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. கதவில் எனக்கு வேலை. அதற்கு முன் கட்டிட வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுவேன். முதல் நாள் நர்ஸ் லிஸி சிஸ்டர் சொன்னது ஒன்றுதான்: சளி, இருமல் உள்ள யாரும் உள்ளே போகக் கூடாது, பெற்றவர்களே ஆனாலும்.

"சேட்டா, ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ். நமக்கு வெறும் ஜலதோஷம். இந்தக் குஞ்ஞுங்களுக்கு மூச்சு கிட்டாது."

சளி இருக்கிறதா என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே நுழையப் பார்ப்பார்கள். எனக்கு வாக்குவாதம் வராது. அதனால் குழாயடியைக் கவனிக்க ஆரம்பித்தேன். உள்ளே போகிறவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டி தாழ்வானது. சளி உள்ளவர் குனிந்தால் மூக்கு ஒழுகும். இரண்டு கையிலும் சோப்பு, துடைக்க வழியில்லை. தோளைத் தூக்கி மூக்கைத் தேய்ப்பார். உடனே நான் துண்டை நீட்டி வெளியே கை காட்டுவேன்.

2. பொன்முடிக்காரர்

அது மழைக்காலம். செல்வம் பொன்முடி எஸ்டேட் தொழிலாளி. ஏழாம் மாதத்தில் பிறந்த அவர் மகன் மூன்று வாரமாக உள்ளே இருந்தான். செல்வம் அவனைப் பிறந்த அன்று பார்த்ததோடு சரி. பிள்ளைக்கு ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்திய அன்று காலை பஸ்ஸில் வந்துவிட்டார். குழாயடியில் அவர் தோள் மூக்குக்குப் போனது.

துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"மலைக் குளிரு அண்ணாச்சி. சளியெல்லாம் ஒண்ணுமில்ல."

நான் நகரவில்லை.

"எம்புள்ளய நான் பாக்கக் கூடாதா? நீரு என்ன டாக்டரா?"

நேரே போய் மானேஜரைக் கூட்டிவந்தார். மாஸ்க் போட்டு ஒரு நிமிஷம் விட்டால் என்ன, அப்பாதானே என்றார் மானேஜர். வேலை போய்விடுமோ என்று பயம். ஆனாலும் கதவை மறித்து நின்றேன்.

"சார், உள்ள பதினோரு பிள்ளைங்க கெடக்கு. இவரு மகன் இன்னைக்குத்தான் சொந்தமா மூச்சு விடுறான். நான் விட மாட்டேன்."

அங்கே நான் அத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. லிஸி சிஸ்டர் வெளியே வந்து என் பக்கம் நின்றார். மானேஜர் திரும்பிப் போய்விட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்க மருத்துவமனையிலேயே தங்கியிருந்த செல்வத்தின் மனைவியைக்கூட, சளி தொற்றிவிடும் என்று, கணவர் கிட்டே போகச் சிஸ்டர் விடவில்லை. தொட்டிலைக் கண்ணாடி ஓரம் தள்ளி வைத்தார். திரும்பும் பஸ் நேரம் வரை செல்வம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் மனைவி போனில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: கணவருக்குக் கடும் காய்ச்சல், இருமல். எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு அதேதான்.

குணமாகிப் பத்து நாள் கழித்துச் செல்வம் வந்தார். அன்று பிள்ளைக்கு டிஸ்சார்ஜ். அவரே தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, காத்திருந்தவர்களிடம் என்னைக் காட்டினார்.

"பெத்தவனையே வெளிய நிறுத்துன ஆளு. சண்டைக்குப் போயிராதீய, ஜெயிக்க மாட்டீய."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெற்றவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோபம் நாலு நாளில் ஆறும். உள்ளே போன சளியைத் திரும்ப வெளியே எடுக்க முடியாது. அந்த மழைக்காலம் முடியும் வரை எங்கள் வார்டில் ஒரு பிள்ளைக்கும் அந்த ஆர்.எஸ்.வி. வரவில்லை.