சுத்தியலின் குத்துப் பை

அந்தக் குத்துச்சண்டைக்காரருக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். அவர் குத்தினால் எதிராளியின் பல் மட்டுமல்ல, வீட்டில் உட்கார்ந்திருக்கும் எதிராளியின் அப்பாவுக்கும் பல் ஆடும் என்று அந்தக் காலத்தில் பேச்சு. அவருக்கு ஈடாக ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. அவர் பெயர் மதில். எவ்வளவு வாங்கினாலும் பின்வாங்க மாட்டார். நகர்ந்தால் முன்னால்தான் நகர்வார்.

இருவரும் ஒரே ஒருமுறை மோதினார்கள். மயிரிழையில் மதில் ஜெயித்தார். மறு மோதலுக்கு நாள் குறித்திருந்த சமயத்தில், பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கப்போய்ச் சுத்தியலின் வலது தோள் கழன்றுகொண்டது. மதிலால் சாய்க்க முடியாத ஆளை ஒரு தகரப் பெட்டி சாய்த்துவிட்டது. இதை மட்டும் அவர் வெளியே சொன்னதேயில்லை.

தோள் ஆறுவதற்குள் வயிற்றுப்பாடு வந்து நின்றது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. நாளெல்லாம் மேலும் கீழும் போனார், ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல். வருஷங்கள் ஓடின. அந்த உடம்பில் ஒழுங்காக உழைத்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதோடு வாய். ஏறியவர்களுக்கெல்லாம் பழைய சண்டையைச் சொன்னார். முதல் வருஷக் கதையில் மதில் தடுமாறினார். அடுத்த வருஷம் மண்டியிட்டார். பிறகு நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேல் மாடிக்குப் போகிறவர்களுக்கு ஆம்புலன்ஸும் உண்டு.

வீட்டில் அவருடைய குத்துப் பை ஜன்னலை அடைத்துக்கொண்டு தொங்கியது. வெளிச்சம் வரும் ஒரே இடம் அதுதான். அவர் மனைவியின் தையல் இயந்திரம் இருட்டு நடையில் கிடந்தது. அந்த அம்மாள் மெத்தை உறை, தலையணை தைத்து விற்பவர். ஒருநாள் அவசர வேலை ஒன்றில் பஞ்சு தீர்ந்துபோயிற்று. ஏணி போட்டு ஏறி, பையின் வாயைப் பிரித்து ஒரு பிடி எடுத்தார். யாரும் தொடாத பைதானே. மறு வாரம் இரண்டு பிடி. பை இளைத்துவிடக் கூடாதே என்று, மின்சாதனக் கடைக்காரர் வீசியெறிந்த தெர்மோகோலை நொறுக்கிப் போட்டு உருவத்தைக் காப்பாற்றினார். பைக்குள் கடைசிப் பஞ்சு தீர்ந்தபோதும் வெளியே அது பழைய பயில்வானாகவே தொங்கியது.

இப்படி இருக்கும்போது, மதில் ஓய்வுபெறப் போவதாகச் செய்தி வந்தது. கடைசிச் சண்டைக்குப் பழைய எதிராளியே வேண்டுமாம். அன்றைக்கே சுத்தியல் கையுறையைத் தூசி தட்டிப் பையின்மேல் ஒன்று விட்டார். பை கூரையில் போய் மோதியது. காரை உதிர்ந்தது.

"பார்த்தியா? எல்லாம் ஓய்வுதான். இத்தனை வருஷமும் பலம் உள்ளேயே சேர்ந்து கெடந்திருக்கு."

அம்மாள் தையலை நிறுத்தினார். "என்னங்க, பை கொஞ்சம் லேசாயிருச்சோ?"

"பை லேசாகல. நான் கனமாயிட்டேன்."

இரண்டாவதாகச் சொன்னது உண்மை. வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

தமக்குக் குத்துச்சண்டை பழக்கிய பழைய மாஸ்டரைச் சுத்தியல் வரவழைத்தார். ஒருவர் பையை இன்னொருவர் தொட்டால் பைக்காரரின் கைராசி போய்விடும் என்பது அவர்கள் பயிற்சிக் கூடத்து நம்பிக்கை. அதனால் மாஸ்டர் பையைத் தொடவில்லை. கைகட்டி நின்று கூரையை மட்டும் பார்த்தார்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு நம்ம பசங்களோட பயிற்சிச் சண்டை வேண்டாம்ப்பா. கொலைக் கேஸாயிடும். அப்படியே சேமிச்சு வை."

சுத்தியலும் சேமித்தார். ஓடவில்லை, மூச்சுப் பழகவில்லை. காலையில் பையை ஒருமுறை கூரைக்கு அனுப்பிவிட்டு லிஃப்டுக்குப் போய்விடுவார். பை லேசானது கைக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். பாராட்டை நிறுத்துப் பார்த்து வாங்கிய ஆளை எங்கேயாவது கண்டதுண்டா?

அம்மாள்தான் உருகிப்போனார். சொன்னால் மனுஷனின் மனசு உடையும். சொல்லாவிட்டால் விலா உடையும். எதை ஒட்டவைப்பது சுலபம் என்று யோசித்து யோசித்து ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டார். சண்டைக்கு முந்தின நாள்கூட, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும். பயப்படாதே. அவரை ரொம்ப அடிக்க மாட்டேன்."

போட்டி அரங்கில் எள் போட இடமில்லை. லிஃப்டில் கதை கேட்ட அத்தனை மாடிக்காரர்களும் வந்திருந்தார்கள். அம்மாள் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக மாஸ்டர் பக்கத்தில் நின்றார்.

மணி அடித்தது. சுத்தியலுக்குக் கண் பழுதில்லை. மதிலின் இடது கை எப்போது இறங்கும், எந்த இடம் திறக்கும் என்று எல்லாம் தெரிந்தது. மூளை பொத்தானை அழுத்தியது. கைதான் வேறு மாடியில் நின்றுகொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்குள் மதில் இரண்டு கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். கடைசியில் ஒரு குத்து உட்கார்ந்தது. கூரைக்குப் போகவேண்டிய மதில், குசலம் விசாரித்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

முதல் சுற்று முடிந்து சுத்தியல் தம் ஸ்டூலில் பொத்தென்று விழுந்தார். மூச்சு துருத்தி போல வந்தது.

"முழு பலத்தோட விட்டேன். அவர் பறக்கவே இல்லையே."

"இன்னும் ஒரு அஞ்சு குத்து விடு, பறப்பாரு" என்றார் மாஸ்டர்.

அம்மாள் எதிர்மூலையைப் பார்த்தார். மதிலின் ஸ்டூல்மேல் தடித்த மெத்தை ஒன்று. நீலக் கரை, ஓரத்தில் இரட்டைத் தையல். தம் கைவேலை தமக்குத் தெரியாதா? அந்த அம்மாளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவர் எப்படிங்க பறப்பாரு? உங்க பையில இருந்த பஞ்செல்லாம் நான் எடுத்துட்டேன். வெறும் தெர்மோகோலைத்தான் குத்திட்டிருந்தீங்க. அதோ பாருங்க, அதை அடைச்சு நான் வித்த மெத்தைதான் அது, உங்க பஞ்சுமேலதான் உக்காந்திருக்காரு."

மாஸ்டர் இருமினார். சுத்தியல் மனைவியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மதில் சொகுசாக உட்கார்ந்திருந்த மெத்தையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அம்மாள் துண்டை நீட்டினார். சிரிப்பு. பல்லுறை தெறித்து மாஸ்டர் மடியில் விழுந்தது.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டீங்களா?"

அடுத்த சுற்றிலிருந்து சுத்தியல் சுத்தியலாக இல்லை. பலம் இல்லை என்று தெரிந்தவருக்கே உரிய புத்தியோடு கயிற்றோரம் நழுவினார், குனிந்தார், மதில் நெருங்கினால் கட்டிப்பிடித்துக்கொண்டார். அழகாக இல்லை. ஆனால் கடைசி மணிவரை காலில் நின்றார். மூன்று நடுவர்களும் ஒருமனதாகப் பட்டத்தை மதிலுக்கே கொடுத்தார்கள். விலா வீங்கியது, உடையவில்லை.

மதில் வந்து தோளில் கைபோட்டார். "இத்தனை வருஷம் எங்கய்யா போனீங்க?"

"மேலயும் கீழயும்தான். அது இருக்கட்டும், அந்த மெத்தை என் பஞ்சு. குடுத்துடுங்க."

மதில் அவர் காதோரம் குனிந்தார். "எனக்கு மூலம்ங்க. பட்டத்தை வேணா எடுத்துட்டுப் போங்க. மெத்தையை மட்டும் கேக்காதீங்க."

மறுநாளே ஜன்னலிலிருந்து பை இறங்கியது. தையல் இயந்திரம் வெளிச்சத்துக்கு வந்தது. மெத்தைக்குப் பஞ்சைக் குத்தி அடைப்பது இப்போது சுத்தியலின் மாலை வேலை. அதற்கு அந்தக் கை போதும். லிஃப்டில் புதுக் கதையும் ஓடுகிறது: மதில் தம்மிடம் கெஞ்சினார், பட்டத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்று. முதல்முறையாக ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறார். மேல் மாடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"அண்ணே, அந்த ஆம்புலன்ஸ் கதையே சொல்லுங்க. அதுதான் நம்பற மாதிரி இருக்கு."